எல்லாரும் எடுத்துக்கொண்ட தமிழ்

மார்சிலிங்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள தாரு,

கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. உங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே இருக்கும் அஞ்சல் பெட்டியை மட்டும் உன்னால் தடுக்க முடியாது என்று தோன்றியது. அதனால் இந்தக் கடிதம். தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்று தஞ்சோங் பகாரில் என் அலுவலகத்தில் விசாரித்தேன். நான் யார் மீதோ வழக்குப் போடப் போகிறேன் என்று பக்கத்து மேசைக்காரி நினைத்துவிட்டாள்.

போன வாரம் நம் தோழி சுஷ்மிதாவைப் பார்த்தேன். உன் அகிலன் பேசுவதையே நிறுத்திவிட்டான், மருத்துவரிடம் காட்டும்படி பாலர்பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அவள் ஆர்டர் செய்த மீ கோரெங் வந்தது, நான் எழுந்து வந்துவிட்டேன். உனக்கு என் மேல் கோபம் என்று தெரியும். காரணம் இவ்வளவு பெரியது என்று தெரியாது.

நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதிவிடுகிறேன். தப்பிருந்தால் திருத்து. நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் மூன்று பேரும் வந்தீர்கள். வீடு நிறைய ஆள். உம்மா பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார். உன் பிள்ளை தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "பாட்டி, எனக்கு இன்னும் சற்றுச் சோறு வேண்டும். இறைச்சி வேண்டாம். அது மிகவும் காரமாக இருக்கிறது" என்றான். நாலரை வயசுப் பிள்ளை, ஒரு எழுத்துப் பிசகாமல். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம். "இன்னொரு தடவ சொல்லு தம்பி" என்று கைப்பேசியை நீட்டினேன், சொன்னான். மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னான்.

அந்தக் காணொளியை நம் பழைய சொற்போர் அணியின் கைப்பேசிக் குழுவுக்கு மட்டும்தான் அனுப்பினேன். நம் ஆறு பேர்தானே என்று நினைத்தேன். அங்கிருந்து யாரோ அவர்கள் வீட்டுக்கு அனுப்பி, அந்த வீட்டில் யாரோ வெளியே போட்டு, மறுநாள் என் அலுவலகத்து ஆளே எனக்கு அதைக் காட்டிச் சிரிக்கிறார். என்னிடம் இருந்ததை அழித்தேன். வெளியே போனது போனதுதான்.

மன்னிப்புக் கேட்டு நான் அனுப்பிய குரல்பதிவு உனக்கு வந்திருக்காது. இங்கே கேட்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று இல்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் ஒரு வரி எழுது லா.

உன்
ஹம்னா


ஆங் மோ கியோ
27 செப்டம்பர் 2025

ஹம்னாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நான் எதையும் தாமதமாகத்தான் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். தொடக்கக் கல்லூரியில் என் கட்டுரைகளை நீதான் ஆசிரியர் அறைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு ஓடி வருவாய். இந்த முறை தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் எல்லாம் உன்னைத் திட்டியிருந்தேன்.

ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் வராது.

பெருநாளுக்குப் பிறகு ஒரு மாதம் போலப் பேசிக்கொண்டுதான் இருந்தான். பிறகு ஒருநாள் சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்தவர் அவனைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார். "ஏ, சற்றுச் சோறு தம்பிதானே இது? எங்க, சொல்லு பாப்போம்." பின்னால் வரிசையில் நின்றவர்களும் திரும்பினார்கள். ஒரு அம்மா பையில் இருந்து கைப்பேசியை எடுத்தார். அகிலன் என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர் ஒரு சாக்லெட்டை எடுத்து நீட்டினார். அதையும் வாங்கவில்லை.

அதற்கப்புறம் எங்கே போனாலும் இதே. எங்கள் லிஃப்டில் வரும் ஆன்ட்டி, "அகிலன் அவர்களே, நலந்தானா?" என்று கை கூப்புவார். ஸ்ரீராமின் அண்ணன் வீட்டில், "ஐயா உணவு அருந்திவிட்டீர்களா?" பாசத்தோடு சொல்கிறார்கள் ஹம்னா. ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிப்பில் நல்லது கெட்டது என்று பெரியவர்கள் நாம் பிரித்துவைத்திருக்கிறோம். இடுப்பு உயரத்தில் நின்று மேலே பார்க்கிறவனுக்கு எல்லாம் பல்லாகத்தானே தெரியும்?

முதலில் வெளியே தமிழ் பேசுவதை நிறுத்தினான். பிறகு வீட்டில். பிறகு பாலர்பள்ளியில் ஆங்கிலமும் நின்றது. இப்போது ஸ்ரீராமிடம் மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வார்த்தை. எனக்குத் தலையாட்டல். மருத்துவமனையில் சனவரி கடைசியில்தான் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை இணையத்தில் கண்டதைப் படித்துப் படித்து, எல்லா நோயும் அவனுக்கு இருப்பதாக நான் முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் கேட்கிறார்கள், ஏன் அவனிடம் அப்படிப் பேசினாய் என்று. சொல்கிறேன். அவன் பிறந்தபோது நானும் ஸ்ரீராமும் பேசி வைத்துக்கொண்டோம், அப்பா ஆங்கிலம், அம்மா தமிழ். ஆங்கிலம் கலக்கவே கூடாது என்று உறுதி எடுத்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் பேசி வளர்ந்தது, "ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டேன் லா, மைக்ரோவேவ் பண்ணிக்குங்க" தமிழ். அதிலிருந்து ஆங்கிலத்தை எடுத்தால் மிஞ்சுவது "ல வெச்சிட்டேன் லா" மட்டும்தான். ஆங்கிலம் கலக்காத தமிழ் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நீயும் நானும் சொற்போர் மேடையில் பேசியது.

ஆகவே தொட்டிலில் கிடந்தவனிடம், "பசிக்கிறதா? இதோ, அம்மா வந்துவிட்டேன்" என்று ஆரம்பித்தேன். முதலில் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்குப் பிறகு அதில் ஒரு சுகம் இருந்தது. அந்தத் தமிழில் என்னால் கத்த முடியாது. கோபம் வந்தால், சரியான வினைச்சொல் கிடைப்பதற்குள் கோபம் போய்விடும். என்னைப் போலப் பயந்த ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குத் தெரியாது. அவனும் பேச ஆரம்பித்தபோது அப்படியே திருப்பிப் பேசினான். "அம்மா, நிலா ஏன் நம்மோடு வருகிறது?" பேருந்தில் கேட்டான். நான் அழுதுவிட்டேன்.

இப்போது இந்த வீட்டில் அந்தத் தமிழில் நான் ஒருத்திதான் பேசுகிறேன். பதில் வராத அறையில் பேசுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

உம்மாவுக்கு என் சலாம். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

தாரணி


மார்சிலிங்
11 அக்டோபர் 2025

அன்புள்ள தாரு,

நீ எழுதிவிட்டாய். அதுவே போதும் என்று இரண்டு நாள் கடிதத்தைப் பையிலேயே வைத்துச் சுற்றினேன். உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ள முன்னாடி நானும் சிரிச்சேனே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏன் சிரித்தேன் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டும். இது சாக்கு இல்லை.

நம் இறுதிச் சுற்று ஞாபகம் இருக்கிறதா? மனிதரை மாற்றுவது கல்வியா, சூழலா? நாம் கல்வி. அதற்கு முந்தின சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்து, தே தாரிக் தேநீரில் ஆடை கட்டும்வரை நீ என்னைச் சூழல் பக்கம் பேச வைத்தாய். எதிர்ப் பக்கத்தை அவர்கள் வாயால் பேசிப் பார்க்காமல் மேடை ஏறக் கூடாது என்பது உன் சட்டம். நான் பேசி முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாய். "போச்சு டி. எனக்கே கல்வி மேல நம்பிக்கை போயிடுச்சு." பக்கத்து மேசையில் மீன் தலை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நமக்காக வருத்தப்பட்டு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார். நாம் தோற்றோம். ஆனால் நீ நிறைவுரை பேசினாய் பார், அரங்கில் எதிரணிக்காரர்களும் கை தட்டினார்கள். வீட்டில் வாயைத் திறந்தால் திக்குகிற பெண், மேடையில் ஒரு அருவி மாதிரி.

பிறகு பல்கலைக்கழகம், வேலை, கல்யாணம், பிள்ளை. நாம் பேசியதெல்லாம் "எப்படி லா, ஓகே லா, மீட் பண்ணலாம் லா." அந்தக் குரலை நான் எங்கும் கேட்கவில்லை. அன்றைக்கு உம்மாவின் முன்னால் அகிலன் வாயைத் திறந்ததும், பதினேழு வயசுத் தாரணி என் வீட்டுக்கு வந்து இறைச்சி வேண்டாம் என்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி சொல், மறுபடி சொல் என்று நான் கேட்டது உன்னைத்தான். அவனுக்கு அது எப்படித் தெரியும்? தெரிய வேண்டும் என்றும் இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். உன் சட்டப்படி நான் அவன் பக்கம் நின்று பேசிப் பார்த்தேன். "என் அம்மா பாட்டியிடம் போனில் ஒரு தமிழ் பேசுகிறார். கடையில் அதே தமிழ். ஹம்னா சித்தியிடம் கலகலவென்று பேசிச் சிரிக்கிறார். என்னிடம் மட்டும் வேறு. என்னை மட்டும் ஏன் தள்ளி வைத்திருக்கிறார்?" இதுதான் அவன் பக்கம் என்று எனக்குப் படுகிறது. என்னிடம் பேசுகிற மாதிரி அவனிடம் பேசிப் பாரேன் தாரு. கலந்தால் என்ன? நாம் கலந்து பேசித்தானே வளர்ந்தோம், செத்தா போனோம்? உன் பிள்ளை உன்னோடு வீட்டில் இருக்கிறானா, அரங்கில் இருக்கிறானா?

எழுதிவிட்டேன். அடிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

தீபாவளிக்கு உம்மா முறுக்கு கேட்கிறார். தராவிட்டாலும் பரவாயில்லை.

ஹம்னா


ஆங் மோ கியோ
16 நவம்பர் 2025

ஹம்னா,

முறுக்கு அனுப்பவில்லை. இந்த வருஷம் சுடவே இல்லை.

உன் கடிதத்தை வேலைக்குப் போகும்போது பேருந்தில் படித்தேன். அரங்கு என்கிற வரி வந்ததும் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயம், நீ சொல்வது சரியாக இருந்தால்? படித்த பெண், பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று ஐந்து வருஷமாக அவனைத் தள்ளி வைத்திருந்தால்?

அதனால் செய்து பார்த்தேன். தீபாவளி விடுமுறையில் ஆரம்பித்தேன். "அகிலா, எந்திரிடா, டைம் ஆச்சு, பிரஷ் பண்ணு." அவன் படுக்கையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். என் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ வந்து நிற்பது போல ஒரு பார்வை. பழகிவிடும் என்று நினைத்தேன். சுலபமாகத்தான் இருந்தது எனக்கு. வாய் தளர்ந்தது. சமையலறையில் பாட்டுக்கூடப் பாடினேன். நீ சொன்னது சரி என்று உனக்கு எழுதுவதற்கு வாக்கியம்கூட யோசித்து வைத்தேன்.

அவன் தலையாட்டுவதையும் நிறுத்தினான். விட்டுப்போயிருந்த பழக்கம், படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். ரோட்டைக் கடக்கும்போது கையை உருவிக்கொண்டு அப்பாவின் பக்கம் போனான். இது உன் யோசனை என்று ஸ்ரீராமிடம் நான் சொல்லவில்லை. அவர் ஒன்றும் கேட்கவும் இல்லை, ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போவார்.

போன ஞாயிறு குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி கேட்டான். ஆங்கிலத்தில்தான் கேட்டான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது எல்லாருடைய தமிழ். நம்முடையது எங்கே?"

எது என்றேன்.

"நீங்கள் எனக்கு மட்டும் பேசுவது. அதை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கடை அங்கிள் எடுத்துக்கொண்டார். லிஃப்ட் ஆன்ட்டி எடுத்துக்கொண்டார். அதனால்தான் உங்களிடமும் இல்லையா?"

சவர்க்காரம் என் கையில் இருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

நீ அவன் பக்கம் நின்று பேசினாய். எவ்வளவு அழகாகப் பேசினாய். எல்லாமே தலைகீழ். எல்லாரிடமும் ஒரு தமிழ், என்னிடம் மட்டும் வேறு. அதை வைத்து நீ அவனைத் தள்ளி வைக்கப்பட்டவன் ஆக்கினாய். அவன் அதே விஷயத்தை வைத்து, உலகத்தில் அம்மா தனக்கு மட்டும் கொடுத்த ஒன்று என்று வைத்திருந்தான். அது எங்கள் இருவரின் வீடு. கதவைத் திறந்துவிட்டோம், எல்லாரும் செருப்போடு உள்ளே வந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது கன்னத்தைக் கிள்ளிவிட்டும் போனார்கள்.

நானும் ஒன்றும் பெரிதாகப் புரிந்துகொள்ளவில்லை. அவன் வெட்கப்படுகிறான், கேலி தாங்கவில்லை, மூளையில் ஏதோ கோளாறு என்று என்னவெல்லாமோ நினைத்தேன். அவன் துக்கம் கொண்டாடுகிறான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தேக்காவில் உட்கார்ந்து அடுத்தவர் பக்கம் பேசிப் பார்ப்பதை நான் எவ்வளவு பெரிய கலை என்று நினைத்திருந்தேன். நாம் செய்தது, அடுத்தவர் நாற்காலியில் நாமே போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். நாற்காலிக்காரரை யாரும் கேட்கவில்லை.

பழைய தமிழுக்குத் திரும்பிவிட்டேன். அன்று இரவே துண்டால் துவட்டிக்கொண்டே, "அது எங்கேயும் போகவில்லை. இதோ இருக்கிறது" என்றேன். நம்பவில்லை. ஆனால் இப்போது நான் பேசினால் பக்கத்தில் வந்து உட்காருகிறான். பதில் இல்லை. முழங்கை மட்டும் என் மேல் படும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாள் எழுதாதே ஹம்னா. நீ என் மேல் வைத்திருக்கும் அன்பு எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்குப் பதில் சொல்ல இப்போது என்னிடம் ஆள் இல்லை. இருக்கிற ஒருத்தியும் அவனுக்குத்தான் வேண்டும்.

தாரணி


மார்சிலிங்
2 சனவரி 2026

அன்புள்ள தாரு,

கொஞ்ச நாள் என்றாய். எவ்வளவு கொஞ்சம் என்று சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என்னால் முடியும் என்று உம்மாவே நம்பவில்லை.

யோசனை ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? அவனிடம் மன்னிப்புக் கேட்க வரமாட்டேன். எல்லாரும் பார்க்க அவன் என்னை மன்னிக்க வேண்டும் என்றால் அது இன்னொரு மேடை. நான் உன்னைப் பார்க்க வருகிறேன். அவன் அறைக்குள் இருந்தால் அறைக்குள் இருக்கட்டும். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

வேண்டாம் என்றால் பதில் எழுதாதே. புரிந்துகொள்வேன்.

ஹம்னா


ஆங் மோ கியோ
7 சனவரி

ஹம்னா,

18ஆம் தேதி, மாலை நான்கு. மழைக்காலம், குடை கொண்டு வா.

தாரணி


ஆங் மோ கியோ
26 சனவரி 2026

அன்புள்ள ஹம்னா,

நீ வந்து போனதற்கு மறுநாளே எழுத உட்கார்ந்தேன். வழக்கம்போல இன்றுதான் முடிகிறது. உன் எண்ணைத் தடுத்திருந்ததை எடுத்துவிட்டேன், கவனித்திருப்பாய். இதை மட்டும் தாளில் சொல்ல வேண்டும்.

நீ வந்த அன்று நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். நீ அவன் பெயரைச் சொல்லி ஆசையாகக் கூப்பிடுவாய், அவன் ஓடிவிடுவான், நம் கதை அதோடு முடியும் என்று இருந்தேன். நீ கூப்பிடவே இல்லை. நனைந்த குடையைக் குளியலறையில் வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாய். அவன் மரக்கட்டைகளால் எம்ஆர்டி ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தான். பாதை உன் பக்கம் வந்தபோது காலை மடக்கி இடம் விட்டாய். அவனைப் பார்க்காமலே. உம்மாவின் முழங்கால் வலியையும் சுஷ்மிதாவின் புது வேலையையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாய். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் அவனிடம் "ஏன் பேச மாட்டேங்கறே?" என்று கேட்காத முதல் ஆள் நீதான்.

நான் பிசாங் கோரெங் பொரிக்க உள்ளே போனேன். மழை சன்னலை அடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் காய்ந்து, முதல் வாழைப்பழத்தைப் போட்டதும்தான் அவன் குரல் கேட்டது. எத்தனையோ மாதமாக நான் கேட்காத தமிழ். என்னிடம் இல்லை, உன்னிடம்.

"நீங்கள் எப்போது புறப்படுவீர்கள்?"

கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். இரண்டு விஷயத்துக்குப் பயந்தேன். நீ சிரித்துவிடுவாய் என்று ஒன்று. இன்னொன்று அதைவிடப் பெரிது. நீ அவனைப் போலவே பேசிக் காட்டுவாய், லிஃப்ட் ஆன்ட்டியைப் போல, பாசமாக. அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சுவர் மறைத்தது.

"மழை விட்டதும் புறப்படுவேன்" என்றாய்.

அவ்வளவுதான். ராகம் இல்லை, கண் சிமிட்டல் இல்லை, அது குரலிலேயே தெரிந்தது. ஒருவர் நேரம் கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னாய். மேடையில்கூட நீ அப்படிப் பேசியது இல்லை. மேடையில் நாம் ஜெயிக்கப் பேசினோம்.

"மழை எப்போது விடும்?"

"தெரியவில்லை. சன்னலைத் திறந்து பார்க்கலாமா?"

"திறக்கக் கூடாது. தரை ஈரமாகிவிடும்."

"சரி. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்."

கட்டைகள் சரிகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து சன்னலுக்கு வந்திருக்கிறான். நீயும் எழுந்திருப்பாய். அதற்குப் பிறகு நீங்கள் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, மழைச் சத்தம். கேட்க வேண்டும் என்று கிட்டே வரவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பழம் கருகிவிட்டது. கருகியதைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன், நீ தின்றாய், ஏன் கருகியது என்று கேட்கவில்லை. என் கண்ணைப் பார்த்திருப்பாய்.

இனி உனக்குத் தெரியாதது. நீ போன பிறகு சாப்பாட்டு மேசையில் என்னிடம் கேட்டான். என்னிடம், ஹம்னா. முழு வாக்கியமாக.

"சித்திக்கு நம் தமிழ் எப்படித் தெரியும்? நீங்கள் கொடுத்தீர்களா?"

இல்லை என்றேன். "நீ பிறப்பதற்கு வெகு காலம் முன்னால், அவரும் நானும் ஒன்றாகக் கற்றுக்கொண்டோம். அவர் இல்லாவிட்டால் எனக்கும் இது வந்திருக்காது."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். ஸ்ரீராம் தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்படியானால் அவர் எடுத்துக்கொள்ளவில்லை" என்றான்.

எனக்கும் உனக்கும் நடுவில் இருந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் உரிமை அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. சொல்லிவிட்டு ரசம் கேட்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை. பாலர்பள்ளியில் இன்னும் வாயைத் திறப்பது இல்லை. லிஃப்ட் ஆன்ட்டியைப் பார்த்தால் படிக்கட்டில் இறங்கலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிறான். வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகத்தான் போகிறோம். அங்கே அவர்கள் என்ன சொல்வார்களோ. இணையத்தில் மறுபடி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். என் சுபாவம் மாறாது. கல்வியும் சூழலும் என்னிடம் ரொம்பத்தான் தோற்றுவிட்டன.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்டான். உனக்கு என்றேன். தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றான். யோசித்து, ஒரு தடவை மாற்றி, பிறகு சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மழை இல்லாத நாளிலும் வரலாம்."

அன்புடன்,
தாரணி